மின்கம்பியடியில் வாழ்வது: மெல்லிய மின்காந்தப் புலங்கள் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

பினாங்கில் ஒரு புதிய மின்கோபுரமோ துணை மின்நிலையமோ வரப்போகிறது என்று தெரிந்தால், அக்கம்பக்கத்துத் தாமான்களில் முதலில் எழும் கேள்வி, "பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா?" என்பதுதான். பெற்றவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களைப் பாருங்கள். ஒரு பக்கம், "எல்லாம் அனைத்துலக வரம்புக்குள்தான் இருக்கிறது" என்ற ஒற்றை வரி. மறுபக்கம், யார் எழுதினார்கள் என்றே தெரியாத வாட்ஸ்அப் எச்சரிக்கைகள். இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் 1979 முதல் விடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால், பயமும் அலட்சியமும் இல்லாத ஒரு நிலைக்கு வர முடியும் என்று நான் நம்புகிறேன்.

மின்சாரம் ஜார்ஜ்டவுனுக்குப் புதிதல்ல. 1904-லேயே இந்நகரில் மின்விளக்கு எரிந்தது. மின்சார டிராமும், அதன்பின் மேற்கம்பியில் ஓடிய டிராலி பேருந்தும் 1961 வரை இத்தெருக்களில் ஓடின. இன்று குளுகோரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. தீபகற்பத்திலிருந்து கடலடி வடங்கள் வழியாகவும் மின்சாரம் வருகிறது. தீவில் நிலம் குறைவு, மக்கள் நெருக்கம் அதிகம். ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாயான் பாரு என எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிகள். அவற்றின் கீழ்த்தளத்திலோ வளாகத்திலோ, "பஹாயா" (ஆபத்து) என்று சிவப்பில் எழுதிய இரும்புக் கதவுடன் ஒரு மின்மாற்றி அறை. மின்கட்டமைப்புக்கும் படுக்கையறைக்கும் இடையே தூரம் விடுவது இங்கே எளிதான காரியமில்லை.

விவாதம் தடம்புரளும் முதல் இடம், இரண்டு புலங்களைக் குழப்பிக்கொள்வது. கம்பியில் மின்னழுத்தம் இருந்தால் அதைச் சுற்றி மின்புலம் உண்டு. கம்பியில் மின்னோட்டம் ஓடினால் காந்தப்புலம் உண்டு. விளக்கை அணைத்த பிறகும் சுவரிலுள்ள கம்பியில் அழுத்தம் இருக்கும், ஓட்டம் இருக்காது. மின்புலத்தைச் சுவரும் கூரையும் மரமும் பெருமளவு தடுத்துவிடுகின்றன. காந்தப்புலம் செங்கல்லையும் கான்கிரீட்டையும் உடலையும் கடந்து செல்லும். உடல்நலம் பற்றிய சந்தேகம் ஏறக்குறைய முழுவதும் இந்தக் காந்தப்புலத்தைப் பற்றியதே.

உயரழுத்தக் கம்பிக்கு அடியில் ஒருவர் குழல்விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, எந்த இணைப்பும் இல்லாமல் அது மங்கலாக எரியும் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பொய்யில்லை. கம்பிக்கும் தரைக்கும் இடையேயுள்ள மின்புலம் குழலுக்குள் இருக்கும் வாயுவைத் தூண்டுகிறது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே குழலை வீட்டுக்குள் கொண்டுபோனால் அணைந்துவிடும். காந்தப்புலத்தைப் பற்றி அந்த விளக்கு எதுவும் சொல்வதில்லை. எனவே அந்தக் காட்சியைப் புற்றுநோய்க்குச் சாட்சியாக வைக்க முடியாது.

விவாதம் தடம்புரளும் இரண்டாவது இடம், நில வாதத்தையும் மருத்துவ வாதத்தையும் கலப்பது. தமிழ்நாட்டின் கொங்கு மண்டலத்தில் 2018 இறுதியில் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடினார்கள். விளைநிலத்தின் நடுவே கோபுரம் வந்தால் நிலத்தின் மதிப்பு விழும், இழப்பீடு போதாது, கேபிளாகப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வந்த 800 கிலோவோல்ட் தடமும் அந்தக் காலத்துச் சர்ச்சைகளில் ஒன்று. அது நேர்மின்னோட்டத் தடம். அதன் புலம் நொடிக்கு ஐம்பது முறை ஊசலாடுவதில்லை, பூமியின் காந்தப்புலத்தைப் போல நிலையாக நிற்பது. மாறுமின்னோட்டத்தைப் பற்றிய ஆய்வுகளை அதன்மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. ஒரு விவசாயியின் நிலம் பறிபோவது தன்னளவிலேயே அநியாயம் என்றால், அதை நிரூபிக்கப் புற்றுநோயைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. அப்படி அழைத்தால், மருத்துவ வாதம் தோற்கும் நாளில் நில வாதமும் சேர்ந்து தோற்றுவிடும். பினாங்கிலும் இந்த ஆபத்து உண்டு.

இனி அளவுகளுக்கு வருவோம். காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் அளக்கிறோம். பினாங்கில் பூமியின் நிலையான காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. சாதாரண வீட்டில், எந்தக் கருவிக்கும் அருகில் இல்லாதபோது, மின்சாரத்தால் வரும் ஊசலாடும் புலம் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மைக்ரோடெஸ்லாதான். பெரிய மின்தடத்துக்கு நேர் கீழே சில மைக்ரோடெஸ்லா முதல் இருபது வரை இருக்கலாம். ஆனால் முடியுலர்த்தியை மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 6 முதல் 2000 வரை போகும். வேக்கம் கிளீனர் அதே தூரத்தில் 200 முதல் 800 வரை. முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அதுவே 2 முதல் 20 ஆகக் குறைந்துவிடுகிறது.

தூரம்தான் இங்கே எல்லாம். மின்மாற்றி, மோட்டார் போன்றவற்றின் புலம் தூரத்தின் மும்மடியில் குறைகிறது: தூரத்தை இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்கு. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நான்கில் ஒரு பங்கு. திரும்ப வேண்டிய மின்னோட்டம் வேறு வழியாக, எடுத்துக்காட்டாகத் தண்ணீர்க் குழாய் வழியாகத் திரும்பினால் பாதியாக மட்டுமே குறையும். பழைய கடைவீடுகளில் கோளாறான வயரிங் இருந்தால், எதிரில் நிற்கும் கோபுரத்தைவிட அந்த வயரிங்கே அறையின் காந்தப்புலத்தைக் கூட்டிவிடக்கூடும். கம்பியைப் புதைக்கச் சொல்லும் கோரிக்கையிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். புதைத்தால் மின்புலம் போய்விடும். ஆனால் கேபிளுக்கு நேர் மேலே நடப்பவருக்குத் தூரம் குறைவு என்பதால் காந்தப்புலம் அந்த இடத்தில் கூடுதலாகவே இருக்கலாம். சில மீட்டர் தள்ளினால் வேகமாக விழுந்துவிடும்.

இவ்வளவு மெல்லிய புலம் உடலுக்குள் என்ன செய்ய முடியும்? இயற்பியலாளர்களின் பதில் கறாரானது. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றலைவிட, கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ பத்து லட்சம் கோடி மடங்கு அதிகம். வேதிப்பிணைப்பை உடைக்கவோ மரபணுவை நேரடியாகச் சிதைக்கவோ இதற்கு வலுவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் அடேர் 1991-ல் எழுதிய கட்டுரையில் இன்னொரு வாதத்தை வைத்தார். உடல் வெப்பத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த இயற்கை நடுக்கத்தின் இரைச்சலில் இத்தகைய புலம் உண்டாக்கும் மாற்றம் கரைந்துபோகும், செல்லுக்கு அது 'கேட்கவே' கேட்காது என்றார். 0.4 மைக்ரோடெஸ்லா புலம் உடலுக்குள் தூண்டும் மின்புலம் மீட்டருக்குப் பத்து மைக்ரோவோல்ட் அளவில்தான் இருக்கும். நம் நரம்பும் இதயமும் தாமாக உண்டாக்கும் மின்புலங்கள் இதைவிட மிகப் பெரியவை.

இந்த வாதம் வலுவானது. ஆனாலும் முழுமையானதல்ல, உயிரினங்களே அதற்கு விலக்குக் காட்டியிருக்கின்றன. ஐரோப்பிய ராபின் பறவை பூமியின் காந்தப்புலத்தைப் பார்த்துத் திசை அறிகிறது என்பது 1960களிலேயே தெரிந்துவிட்டது. அதன் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் ஒளி பட்டால் இணை இணையாக உருவாகும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளலாம் என்ற கருத்தைக் கிளாஸ் ஷுல்டனும் உடன் ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்தார்கள். இது வெப்ப இரைச்சலை மீறி வேலை செய்யக்கூடிய ஒரு வழி. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. நகரின் மின்கருவிகளிலிருந்து வரும் மிக மெல்லிய மின்காந்த இரைச்சலே ராபினின் திசையறிவைக் கலைத்துவிட்டது. கூண்டு வைத்த குடிலுக்கு அலுமினியக் கவசமிட்டு, அதைத் தரையோடு இணைத்ததும் பறவைகளுக்குத் திசை மீண்டும் தெரிந்தது. அந்த இரைச்சல் 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அல்ல. ஆக, "மெல்லியது, ஆகவே விளைவில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. "பறவைக்கு விளைவு இருக்கிறது, ஆகவே நமக்குக் கேடு" என்றும் சொல்லிவிட முடியாது.

பினாங்குக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. தேசியப் பூங்காவின் தெலுக் கெராச்சுட் கடற்கரைக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடலாமைக் குஞ்சுகள் பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு வழி அறிகின்றன என்பதை அமெரிக்காவில் கென்னத் லோமன் நடத்திய சோதனைகள் காட்டியுள்ளன. கடலடி வடத்தின் உறை மின்புலத்தைத் தடுத்தாலும் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. மாறுமின்னோட்ட வடத்தின் புலம் நொடிக்கு ஐம்பது முறை திசை மாறிச் சராசரியில் சுழியாகிவிடுவதால் ஆமையின் திசைமானி அதைப் பொருட்படுத்தாமல் போகலாம். நேர்மின்னோட்ட வடம் வேறு கதை. எதிர்காலத்தில் கடலில் வடம் போடத் திட்டமிடுபவர்கள் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

மனிதரைப் பற்றிய சான்றுகளில் எடை மிக்கது ஒன்றே ஒன்று: குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய், அதாவது லுக்கேமியா. 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்த்தைமரும் எட் லீப்பரும் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். மின்மாற்றிக்கும் தடித்த கம்பிகளுக்கும் பக்கத்தில் அத்தகைய வீடுகள் கூடுதலாக இருப்பதாக அவர்கள் அறிவித்தார்கள். புலத்தை அவர்கள் அளக்கவில்லை; கம்பியின் தடிமனையும் தூரத்தையும் வைத்துக் கணித்தார்கள். பலர் குறை சொன்னார்கள். ஆனாலும் 1988-ல் அதே டென்வரில் நடந்த ஆய்வும், 1993-ல் சுவீடனில் ஃபெய்க்டிங்கும் ஆல்பமும் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டின. 1997-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் வீடு வீடாக அளந்து செய்த ஆய்வில் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

தனித்தனி ஆய்வுகள் இப்படி முரண்பட்டபோது, ஆல்பமும் மற்றவர்களும் ஒன்பது ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2000-ல் வெளியிட்டார்கள். சராசரிப் புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே இருந்த வீடுகளில் ஆபத்து கூடவில்லை. அதற்கு மேல் இருந்த வீடுகளில் லுக்கேமியா சுமார் இரண்டு மடங்கு. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, 0.8 விழுக்காடு. அதே ஆண்டு கிரீன்லாந்து என்ற ஆய்வாளரின் குழுவினர் பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் 0.3-க்கு மேல் 1.7 மடங்கு என்றே வந்தது. இவற்றின் அடிப்படையில்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, மிகத் தாழ்ந்த அலைவெண் காந்தப்புலத்தை '2பி' பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது, ஆனால் சான்று வரம்புக்குட்பட்டது என்பது அதன் பொருள். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இதே பிரிவில்தான் இருக்கின்றன.

இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் நான்கு பேருக்கு லுக்கேமியா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லட்சம் குழந்தைகளில் 0.8 விழுக்காடு, அதாவது 800 பேர், 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் வாழ்கிறார்கள். அந்த 800 பேரில் வழக்கமாக எதிர்பார்க்க வேண்டியது ஆண்டுக்கு 0.032. அது இரட்டித்தால் கூடுதலாக வருவதும் 0.032. ஒரு லட்சம் குழந்தைகள் உள்ள ஊரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒரு கூடுதல் நோயாளி. தொடர்பு உண்மையானால், உலகம் முழுவதும் ஆண்டுக்கு 100 முதல் 2400 வரை இதனால் நேரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் மதிப்பிட்டது. அந்த முப்பது ஆண்டில் ஒருவரும் யாரோ பெற்ற பிள்ளைதான். ஆகவே இதைச் சிறிய எண் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு பரவும் பயத்துக்கு இந்த எண் ஆதாரமாகாது.

தொடர்பே உண்மைதானா என்ற ஐயம் பின்னால் வந்த ஆய்வுகளால் வலுத்திருக்கிறது. 2005-ல் பிரிட்டனில் டிரேப்பர் குழுவினர் உயரழுத்தத் தடத்திலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளுக்கு லுக்கேமியா 1.69 மடங்கு என்று காட்டினார்கள். 200 முதல் 600 மீட்டர் வரையிலும் 1.23 மடங்கு இருந்தது. அவ்வளவு தூரத்தில் கம்பியின் காந்தப்புலம் வீட்டு வயரிங்கின் புலத்தில் மறைந்துவிடும். ஆகவே காரணம் புலமாக இருக்க முடியாதோ என்று அவர்களே ஐயுற்றார்கள். அதே தரவை நீட்டித்து 2014-ல் வெளியிட்டபோது இன்னொன்று தெரிந்தது. 1960களிலும் 1970களிலும் இருந்த கூடுதல் ஆபத்து படிப்படியாகக் குறைந்து, 1980களுக்குப் பின் இல்லாமலே போயிருந்தது. கம்பியும் புலமும் அங்கேயேதான் இருந்தன. புலம்தான் காரணம் என்றால் ஆபத்து ஏன் மறைய வேண்டும்? அந்தத் தடங்களின் அருகே வாழ்ந்த மக்கள் மாறியிருக்கலாம், அவர்களுடைய வாழ்க்கைநிலை மாறியிருக்கலாம். முந்தைய ஆய்வுகள் சிலவற்றில், ஒப்பிடுவதற்காக அழைத்த நலமான குழந்தைகளின் குடும்பங்களில் வசதி குறைந்தவர்கள் பங்கேற்காமல் ஒதுங்கியதும் முடிவைச் சாய்த்திருக்கலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் நம்பிக்கை தருவது இந்த 2014 முடிவுதான்.

ஆய்வகங்களும் கைகொடுக்கவில்லை. 1970களில் ராஸ் ஏடியும் சுசான் பாவினும் கோழிக்குஞ்சு மூளைத் திசுவில் 16 ஹெர்ட்ஸ் அளவிலான புலம் கால்சியத்தின் நடமாட்டத்தை மாற்றுவதாகச் சொன்னார்கள். அதை விளக்கப் பல கோட்பாடுகள் பிறந்தன. பல முடிவுகளை வேறு ஆய்வகங்களால் மீண்டும் பெற முடியவில்லை. 1992-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்து ராபர்ட் லிபர்டி வெளியிட்ட கால்சியத் தரவுகள் திரிக்கப்பட்டவை என்று அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 1999-ல் அறிவித்தது. அதே ஆண்டு வெளியான அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் இரண்டாண்டு ஆய்வில், காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் கூடியதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஐயமே இல்லாத விளைவுகளும் உண்டு. அவை வலுவான புலங்களுக்கு உரியவை. 20 ஹெர்ட்ஸ் அருகே சில மில்லிடெஸ்லா, அதாவது ஆயிரக்கணக்கான மைக்ரோடெஸ்லா புலத்தில் தலையை வைத்தால் கண்ணின் ஓரத்தில் ஒளி மின்னும். பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால் இதை 1896-லேயே பதிவு செய்தார். கூடாத எலும்பு முறிவுக்குத் துடிப்புள்ள காந்தப்புலத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்த அமெரிக்கா 1979-ல் அனுமதித்தது. பொதுமக்களுக்கான அனைத்துலக வரம்பு 1998-ல் 100 மைக்ரோடெஸ்லா, 2010-ல் 200. மலேசியாவிலும் இந்த வழிகாட்டுதலையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரம்பு நரம்பும் தசையும் தூண்டப்படுவதைத் தடுக்கப் போட்டது. நீண்டகாலமாக 0.4 மைக்ரோடெஸ்லாவில் வாழ்வதைப் பற்றிய கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை, அதற்காகப் போடப்பட்டதும் அல்ல. "வரம்புக்குள் இருக்கிறது" என்ற வாக்கியம் உண்மையாக இருந்தும் மக்களை ஏன் சமாதானப்படுத்துவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

தொழிலிடங்களைப் பற்றிய பேச்சு இங்கே அபூர்வம். 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கானோர் மோட்டார்களுக்கும் இயந்திரங்களுக்கும் பக்கத்தில் நாள் முழுவதும் வேலை செய்துவருகிறார்கள். மின்சாரத் தொழிலாளர்களிடம் சில நரம்பழிவு நோய்கள் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குக் காரணம் புலமா, அவர்கள் வாங்கும் மின்னதிர்ச்சியா என்பது தீரவில்லை. வீட்டைவிடப் பல மடங்கு புலம் இருக்கக்கூடிய இடம் அது. அங்கே அளப்பது எளிது, ஆட்களைப் பின்தொடர்வதும் எளிது. அந்த ஆய்வைச் செய்யக்கூடிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டனில் இருக்கிறது, தொழிற்பேட்டை அங்கிருந்து சில கிலோமீட்டரில்.

அடுக்குமாடிகள் நிறைந்த ஊருக்கு ஏற்ற ஆய்வுமுறை ஒன்றும் இருக்கிறது. பின்லாந்திலும் இஸ்ரேலிலும் மின்மாற்றி அறைக்கு நேர் மேலேயுள்ள வீட்டை, அதே கட்டடத்தின் மற்ற வீடுகளோடு ஒப்பிட்டார்கள். ஒரே கட்டடம், ஏறத்தாழ ஒரே வசதி, ஒரே சுற்றுப்புறம். வேறுபடுவது புலம் மட்டும். டென்வரின் பழைய குழப்பங்களை இது பெருமளவு தவிர்க்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்களுக்காகக் குரல் கொடுத்துவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019-ல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீசின் காலத்திலிருந்தே மின்காந்தக் கதிர்வீச்சு குறித்து எச்சரித்து வந்திருக்கிறது. அந்த அக்கறை இனி அளவீட்டுக் கோரிக்கையாக மாற வேண்டும் என்பது என் விருப்பம்.

என் தீர்ப்பு இது. மின்கம்பியின் புலம் புற்றுநோய் தருகிறது என்று நிறுவப்படவில்லை. பிந்தைய சான்றுகள் அந்தச் சந்தேகத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனால் முற்றிலும் துடைத்துவிடவில்லை. ஆகவே செலவில்லாத எச்சரிக்கை போதும். புதிய பாலர்பள்ளியையும் புதிய உயரழுத்தத் தடத்தையும் ஒன்றுக்கொன்று ஒட்டி வைக்க வேண்டாம். வீட்டில் மெயின் சுவிட்சுப் பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் ஒட்டினாற்போல் குழந்தையின் தலைமாடு இருந்தால் கட்டிலை ஒரு மீட்டர் நகர்த்துங்கள். இருக்கும் வீட்டை விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. லுக்கேமியா வந்த குழந்தையின் பெற்றோரிடம், "கம்பிக்குக் கீழே வீடு வாங்கினீர்களே" என்று யாரும் சொல்லவே கூடாது. ஒரு குழந்தையின் நோய்க்குக் கம்பிதான் காரணம் என்று சொல்ல அறிவியலில் ஆதாரம் இல்லை.

மின்கோபுரத் திட்டம் பற்றிய விளக்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். ஆபத்து உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மின்னோட்டம் உச்சத்தில் ஓடும் நேரத்தில் எங்கள் வாசலிலும் எங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் எத்தனை மைக்ரோடெஸ்லா இருக்கும், கட்டிமுடித்த பிறகு யார் வந்து அளப்பார்கள், அந்த எண்ணை எங்கே வெளியிடுவார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.